பிரிட்ஜ் மூலமாக அறிவிப்பது யாதெனில்

அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை. இரண்டு பேரும் பிரிட்ஜிடம்தான் பேசுவார்கள்.

சிரிக்கிறவர்கள் தங்கள் வீட்டில் யார் யாரிடம் எதன் வழியாகப் பேசுகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சிரிக்கலாம். சில வீடுகளில் குழந்தை வழியாக. சில வீடுகளில் பாத்திரச் சத்தம் வழியாக. பிரிட்ஜ் எவ்வளவோ மேல். நசுங்காது, யாரிடமும் போய்ச் சொல்லாது.

அந்தப் பிரிட்ஜ் வந்த நாளில் தொடங்கியது எல்லாம். மருமகள் தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. சமையலறையில் வைக்க வேண்டும் என்றாள் அவள். கூடத்தில் வைத்தால்தானே நாலு பேர் கண்ணில் படும் என்றாள் மாமியார். தூக்கி வந்த ஆட்கள் இரண்டு பேச்சையும் மாறி மாறிக் கேட்டு அலுத்துப்போய், இரண்டுக்கும் நடுவில் நடைவழியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அன்று நின்ற பேச்சும் அன்று நின்ற பிரிட்ஜும் அப்படியே நிற்கின்றன. அந்த வழியாகப் போகிறவர்கள் ஒருக்களித்துத்தான் போக வேண்டும்.

மாமியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவுக்கே அவள் கண்டக்டரம்மா. வாழ்நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்து, கடைசியில் உட்காருவதற்காக ஒரு வீடு கட்டினாள். வீடு அவள் பேரில், அவள் சம்பாத்தியத்தில். தாலி கட்டினவர் அதற்கு வெள்ளையடித்துப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மருமகள் ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறாள். விடிந்ததும் ஊசியும் கையுமாகப் போய் ஊரார் நரம்பைத் தேடுகிற வேலை. மாமியார் வைத்த பெயர் ஊசி. வேலையைப் பார்த்து வைத்ததா, வாயைப் பார்த்து வைத்ததா என்று யாரும் கேட்டதில்லை.

தினமும் காலையில் கண்டக்டரம்மா டிவியைப் பார்த்தபடி விரலை நீட்டுவாள், யாரோ மோதிரம் போட வருகிற மாதிரி. ஊசி வந்து நுனியில் ஒரு குத்து குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மிஷினில் வைத்துப் பார்த்துவிட்டு நடைவழிக்குப் போவாள்.

"பிரிட்ஜு, சிலருக்கு சுகர் ஏறியிருக்கு. யாருன்னு பேர் சொல்ல வேண்டாம். நேத்து கேக் தின்னவங்களுக்குத் தெரியும்."

"ஏ பிரிட்ஜு, நானா கேக்கைத் தேடிப் போனேன்? அதுதான் உனக்குள்ள உக்காந்துக்கிட்டு என்னைப் பார்த்துச்சு."

இப்படி ஓடிக்கொண்டிருந்தது வண்டி. பங்சர் ஆக்கியது பிள்ளை.

ஒரே பிள்ளை. செல்லமாகத் துரை என்று கூப்பிட்டதில் ஆள் துரையாகவே ஆகிவிட்டான். வீடு நிலம் கைமாற்றிவிடுகிற தரகு வேலை. ஊரில் அடுக்குமாடி எங்கே எழும்பினாலும் அதில் ஒரு செங்கல் அவன் கமிஷன் என்பான். தாய் கட்டிய வீட்டின் முன் அறையைக் கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி மாட்டி, ஆபீஸ் ஆக்கிக்கொண்டான். வாசல் அவனைத் தேடி வருகிறவர்களுக்கு. வீட்டுப் பெண்கள் இருவரும் பக்கத்துச் சந்து வழியாக, குப்பை வாளியைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

ஒரு வருஷத்துக்கு முன் ஒருநாள் பெண்டாட்டியிடம், "நமக்கு ஒத்து வரல" என்றான். வேறு ஒருத்தி எல்லாம் கிடையாது. அவனுக்கு அவனே போதும்.

"ஒத்து வரலைன்னா, ஒத்து வராதவர்தானே போகணும்?" என்றாள் ஊசி.

அவன் வேறு பிளாட்டுக்குப் போய்விட்டான். ஆபீஸ் மட்டும் வீட்டில் இருந்தது. முன் அறைக்கு அவனுடைய பூட்டு.

கேக் சண்டை முற்றிய நாள் ஒன்று வந்தது. காய்கறித் தட்டுக்கு அடியில், கீரைக்குக் கீழே, கண்டக்டரம்மா ஒளித்து வைத்திருந்த கிரீம் கேக்கை ஊசி கண்டுபிடித்துவிட்டாள். அன்றே தின்பண்டங்களை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை லேப்புக்கு எடுத்துப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்துத் துரை வந்தான். நனைகிற ஆட்டுக்காக அழ வந்த ஓநாய் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

"உன் வீடு, உன் காசு. உன் வீட்டுலயே நீ ஒளிச்சு வச்சுத் திங்கணுமாம்மா?"

அதுதான் குத்தியது. ஊசியைவிட ஆழமாக.

"அது மட்டுமாடா? ஒரு வார்த்தை பேசறதில்ல. விடிஞ்சா விரல்ல குத்தறா. இப்ப அலமாரிக்குப் பூட்டு" என்று கொட்டித் தீர்த்தாள் தாய்.

"எல்லாத்தையும் வக்கீல்கிட்ட சொல்றேன். பெரியவங்க வீட்டுல இருந்துக்கிட்டு அவங்களையே படுத்தறவங்களை வெளியேத்தலாம்னு கோர்ட்டே சொல்லுதும்மா. இப்பல்லாம் தீர்ப்பு மேல தீர்ப்பா வருது. நீ ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"வெளியேத்தறதுன்னா? நிஜமாவா?"

"சும்மா ஒரு மிரட்டல்தான்."

"அப்படியே அனுப்பிட்டா எங்கடா போவா?"

"லேப்புல பெஞ்சு இருக்குல்ல, படுத்துப்பா."

கண்டக்டரம்மா சிரித்துவிட்டாள். கையெழுத்தும் போட்டுவிட்டாள். மருமகளைக் கொஞ்சம் மிரட்டி வைக்கலாம், அலமாரிச் சாவி திரும்பி வரும், அவ்வளவுதான் கணக்கு. அந்தச் சிரிப்பு பின்னால் அவள் வயிற்றிலேயே நின்றுகொண்டு ஜீரணமாக மறுத்தது.

நோட்டீஸ் வந்தது. மறுநாள் காலை அது பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்தது. மருமகள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று மாமியார் மனு. முதியோர் தீர்ப்பாயத்தில் விசாரணை.

"பிரிட்ஜு, படிச்சுக்கோ" என்றாள் ஊசி. குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "நான் போகமாட்டேன். இந்த வீட்டுக்கு நானா வரல, கூட்டிட்டு வந்தாங்க. போன்னு சொன்னதும் போறதுக்கு நான் ஒண்ணும் பார்சல் இல்ல. இதை அங்கயும் சொல்லுவேன்." மிஷினைக் கையில் எடுத்தாள். "அதுவரைக்கும் விரலை நீட்டணும்."

நீட்டினாள் மாமியார். அன்றைக்கும் ஊசி விரல் நுனியின் நடுவில் குத்தவில்லை. ஓரமாகக் குத்தினால் வலி குறைவு என்று எப்போதும் குத்துகிற ஓரத்திலேயே குத்தினாள். கோபத்தில் இடம் மாறியிருந்தால் கண்டக்டரம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று அவள் நடைவழிக்குப் போய் நின்றாள். "ஏ பிரிட்ஜு..." என்று ஆரம்பித்தாள். சமையலறையில் ஊசியின் கை நின்றது. கண்டக்டரம்மா பிரிட்ஜ் கதவைத் திறந்து மூடினாள். "உள்ள ஐஸ் கட்டிக்கிட்டு இருக்கு. யாராவது பார்க்கணும்" என்று முடித்துவிட்டாள். ஓடுகிற பஸ்ஸில் எத்தனை ரவுடிகளைப் பாதி வழியில் இறக்கிவிட்டவள்! ஒரு "தப்புதான்" வெளியே வரமாட்டேன் என்கிறது.

அந்த வாரமே அளவு நாடாவோடு ஒருவன் வந்தான். அடுக்குமாடி கட்டுகிறவரின் ஆள். கூடத்தை அளந்தான், சமையலறையை அளந்தான், நடைவழியில் வயிற்றை எக்கிக்கொண்டு பிரிட்ஜைக் கடந்தான். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் ஓட்டை.

"நீங்கதான் ஹோமுக்குப் போற அம்மாவா?" என்று அன்பாகக் கேட்டான்.

"எந்த ஹோம்?"

"சார் சொன்னாரே. மருமக காலி பண்ணினதும் அம்மாவை நல்ல முதியோர் ஹோம்ல விட்டுட்டு, வீட்டை இடிக்கக் குடுத்துடுவேன்னு. தோட்டமெல்லாம் இருக்காமே?"

கண்டக்டரம்மா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவன் போன பிறகு அவளும் ஒரு சொம்பு குடித்தாள். பிறகு பிள்ளைக்குப் போன் போட்டாள்.

"மனுவை வாபஸ் வாங்கிடுடா."

"மனுவுக்கு நம்பர் விழுந்துடுச்சும்மா. இனிமே நிறுத்த முடியாது. அங்க நீ ஒண்ணும் பேசாதே. கேட்டா தலையை மட்டும் ஆட்டு, மத்ததை வக்கீல் பேசிப்பார்."

போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்டக்டரைப் பார்த்து வாயைத் திறக்காதே என்கிறான். இதற்குத் தன்னைப் பெற்றவளை யாரென்று தெரியாது என்றே சொல்லியிருக்கலாம்.

விசாரணை நாள். துரையும் வக்கீலும் காரில் போனார்கள். அம்மாவையும் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னான். "எனக்குக் கார்ல தலை சுத்தும்" என்று பஸ்ஸில் ஏறினாள். அதே பஸ்ஸில் இரண்டு சீட் முன்னால் ஊசி. கண்டக்டர் பெண் வந்தபோது ஊசி திரும்பிப் பார்க்காமல் சொன்னது பின்னால் கேட்டது:

"ரெண்டு குடும்மா. பின் சீட்டுல ஒரு அம்மா இருக்காங்க, அவங்களுக்கும் சேர்த்து."

கண்டக்டரம்மாவிடம் பாஸ் இருந்தது. அதை எடுத்துக் காட்டவில்லை. கைக்கு வந்த டிக்கெட்டை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். யார் பேச்சும் அவளுக்குப் புரியாமல் போகலாம். டிக்கெட் புரியும்.

தீர்ப்பாயம் என்றால் பெரிய மண்டபம் ஒன்றும் இல்லை. ஒரு அரசு அலுவலகத்தின் மாடி அறை, நீள மேஜை, கட்டடத்துக்கு மூத்த மாதிரி ஒரு இரும்பு பீரோ. மேஜைக்குப் பின்னால் அதிகாரி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய நடுவயதுப் பெண்.

வக்கீல் எழுந்து படித்தார். மூத்த குடிமகளான என் கட்சிக்காரர் சொந்த வீட்டிலேயே சொல்லொணாத் துயரத்தில் வாடுகிறார் என்று ஆரம்பித்தார். தன் துயரம் இவ்வளவு இலக்கியமாக இருக்கும் என்று கண்டக்டரம்மாவுக்கே அதுவரை தெரியாது.

"எதிர்மனுதாரர் பல வருடங்களாக என் கட்சிக்காரருடன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. உணவுப் பொருட்களைப் பூட்டி வைக்கிறார். அது மட்டுமல்ல, தினமும் காலையில் கூரிய ஆயுதத்தால் குத்தி ரத்தம் வரவழைக்கிறார்."

அதிகாரியின் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "என்ன ஆயுதம்?"

"அது... கூரிய ஆயுதம், மேடம்."

ஊசி கைப்பையிலிருந்து சுகர் மிஷினை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் பென்சில் முனை அளவே இருந்த ஊசியையும் வைத்தாள். "இதுதான் ஆயுதம். வேணும்னா உங்களுக்கும் பார்க்கறேன், மேடம். ஒரு சொட்டு போதும்."

அதிகாரி தன் விரல்களை மேஜைக்குக் கீழே எடுத்துக்கொண்டார்.

வக்கீல் விடவில்லை. பெற்றவர்கள் தங்கள் வீட்டில் நிம்மதியாக வாழ, தொந்தரவு செய்கிற பிள்ளைகளையும் உறவினர்களையும் வெளியேற்றலாம் என்று மேல் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்று கட்டுக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"தெரியும்" என்றார் அதிகாரி. "மாமியார் பேர்ல வீடு இருந்தாலும், மருமக வாழ்ந்த வீட்டிலேருந்து அவளைச் சட்டுனு தள்ளிட முடியாதுன்னும் சொல்லியிருக்கு. பெரியவங்களுக்குப் போட்ட சட்டத்தை மருமகளை விரட்டற குச்சியா எடுக்காதீங்கன்னும் சொல்லியிருக்கு. ரெண்டு பக்கமும் பார்க்கணும்." ஊசியைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. மாமியார்கிட்ட பேசறதில்லையா?"

"பேசறதில்லை."

துரை நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஊசி திரும்பி இரும்பு பீரோவைப் பார்த்தாள். பழக்கம் யாரை விட்டது? "யார் தயவுலயும் இருக்க நான் வரலைன்னு சொல்லிடு. எனக்கு உரிமை இருக்கு, இருப்பேன். அவங்க எனக்கு எதிரா கையெழுத்து போட்டாலும், நாளைக்குக் காலையில விரலை நீட்டத்தான் வேணும்."

"ஏ பீரோ" என்றாள் கண்டக்டரம்மா, "போடும்போது கேக் கோபத்துல போட்டாங்கன்னு சொல்லு."

அதிகாரி பீரோவைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு பேரும் யார்கிட்ட பேசறீங்க?"

"வீட்டுல பிரிட்ஜ்கிட்ட பேசுவோம், மேடம்" என்றாள் கண்டக்டரம்மா. "இங்க பிரிட்ஜ் இல்ல."

"பீரோ சாட்சி சொல்லாது. என்கிட்ட பேசுங்க. இந்த மனு உங்களுடையதுதானே? இதுல உறுதியா இருக்கீங்களா?"

துரை தலையை ஆட்டிக் காட்டினான். இப்படி ஆட்டு, அம்மா, இப்படி.

கண்டக்டரம்மா எழுந்து நின்றாள். உட்கார்ந்து பேசி அவளுக்குப் பழக்கமில்லை. எழுந்ததும் கால் தானாகவே கொஞ்சம் அகன்று ஊன்றிக்கொண்டது, தரை எந்த நேரமும் பிரேக் போடும் என்பதுபோல.

"கையெழுத்து என்னுதுதான். புத்திதான் அன்னைக்குக் கடன் வாங்கினது. ஒண்ணு கேக்கறேன். வக்கீல் சார் ஒரு தீர்ப்பு படிச்சாரே, பெத்தவங்க வீட்டுல தொந்தரவு பண்ற பிள்ளையை வெளியேத்தலாம்னு. அது பிள்ளைக்கும் உண்டா, இல்ல மருமகளுக்கு மட்டும்தானா?"

வக்கீல் தொண்டையைச் செருமினார். "அது வந்து, பொதுவா..."

"பிள்ளைக்கும் உண்டு" என்றார் அதிகாரி.

"அப்ப சரி. சட்டம் சரியாத்தான் இருக்கு, மனுவுலதான் ஆள் மாறிப்போச்சு. என் வீட்டு முன் அறையில ஒருத்தன் பூட்டு போட்டு வச்சிருக்கான். என் வாசல்ல நான் நுழைய முடியல, குப்பை வாளிப் பக்கமா வரேன். என் வீட்டை இடிக்க ஆள் விட்டு அளக்கறான். எனக்கு ஹோம் பார்த்திருக்கான், தோட்டத்தோட. அவனை இறக்கிவிடுங்க, மேடம்."

"அம்மா!" துரை எழுந்துவிட்டான். "அம்மா குழம்பிப் போயிருக்காங்க, மேடம். அவங்களுக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது! நான் கண்ணால பார்த்திருக்கேன்!"

"பேச்சு கிடையாதுடா. சண்டை உண்டு. சண்டை போடறதுக்கு ஆள் வேணாமா? ஹோம்ல யார்கிட்ட போடுவேன், தோட்டத்துக்கிட்டயா?" மூச்சு வாங்கினாள். "நீ என்கிட்ட தினமும் பேசினே. வாய் நிறைய அம்மா அம்மான்னு பேசினே. என் சுகர் எவ்வளவுன்னு தெரியுமாடா உனக்கு?"

துரைக்குச் சதுர அடி தெரியும். மற்றது தெரியவில்லை.

வக்கீல் அவன் பக்கம் குனிந்து, "நான் யாரோட வக்கீல்?" என்று மெதுவாகக் கேட்டார். தாய்க்குத்தான் வக்காலத்து போட்டிருந்தார், பிள்ளைதான் கூட்டி வந்திருந்தான். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவன் கதை தெரியும். இங்கே குதிரை நடு ஆற்றில் தன் முதுகில் யார் ஏறியிருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தது.

மருமகள்மேல் போட்ட மனுவைத் திரும்பப் பெறுவதாகவும், மகன்மேல் புது மனு தருவதாகவும் கண்டக்டரம்மா அங்கேயே எழுதிக் கொடுத்தாள். துரைக்குப் பதில் சொல்ல அவகாசம் கிடைத்தது. சட்டம் ஆறஅமரத்தான் நடக்கும். துரை பதிலில், தான் பாசமுள்ள மகன் என்று எழுதினான். அதிகாரி அலுவலர் ஒருவரை அனுப்பி முன் அறையையும் பூட்டையும் சந்து வழியையும் குப்பை வாளியையும் பார்த்துவரச் சொன்னார். உத்தரவு வந்தது: முன் அறையைக் காலி செய்து சாவியைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும்.

காலி செய்ய வந்த நாளில் துரை ஏசியைக் கழற்றினான், கண்ணாடி மேஜையை ஏற்றினான். கடைசியில் வாசலில் நின்று, "இதெல்லாம் கொண்டு நான் எங்கம்மா போவேன்?" என்றான். குரல் நிஜமாகவே உடைந்தது.

"நல்ல ஹோம் ஒண்ணு பார்த்திருந்தியே" என்றாள் தாய். சொல்லிவிட்டு உள்ளே போனவள், ஒரு டம்ளர் காபியோடு வந்தாள். சர்க்கரை போட்ட காபி. அவனுக்கு ஆகும், அவளுக்குத்தான் ஆகாது. அவன் குடிக்கிறவரை நின்றாள். டம்ளரை வாங்கிக்கொண்டாள். சாவிக்கும் கையை நீட்டினாள்.

அன்று மாலை பிரிட்ஜை நடைவழியிலிருந்து முன் அறைக்கு நகர்த்துவது என்று முடிவானது. யாரும் யாரிடமும் சொல்லி முடிவானதல்ல. ஒருத்தி ஒரு பக்கம் தள்ள, மற்றவள் மறுபக்கம் பிடித்தாள். அங்கேதான் சிக்கல். நகர்வதே பிரிட்ஜ் என்கிறபோது யாரிடம் சொல்லிச் சொல்வது?

"வா... வா... வா..." கண்டக்டரம்மாவுக்குப் பழைய குரல் வந்துவிட்டது. "லெப்ட்ல ஒடி... ரைட்... போலாம் போலாம்... ஹோல்டான்! ஹோல்டான்னு சொல்றேன்ல, காது கேக்கலையாடி?"

"அத்தை, என் கால்!"

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். வண்டி தள்ளும்போது பேசுவதெல்லாம் கணக்கில் வராது என்று இருவரும் தனித்தனியாக முடிவு செய்துகொண்டார்கள் போலிருக்கிறது. மீதித் தூரத்தை வாயை மூடிக்கொண்டு தள்ளினார்கள். வாசலுக்கு நேரே, வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் பிரிட்ஜ் போய் நின்றது. மருமகளுக்கு அதில் வருத்தம்தான். இருந்தாலும் நடைவழியில் நிமிர்ந்து நடக்க முடிந்தது.

மறுநாள் காலை. விரல் நீட்டியிருந்தது, ஊசி தயாராக இருந்தது. போன் அடித்தது. துரை.

"நான் சும்மா விடமாட்டேன்மா. மேல போவேன். அப்பீல் போடுவேன்."

"போ ராசா" என்றாள் கண்டக்டரம்மா. "மேல போற வண்டி நிறைய இருக்கு. எதுல வேணா ஏறு. ஆனா இந்தத் தடவை அம்மா டிக்கெட்ல போக முடியாது, உன் டிக்கெட்டை நீயே எடுக்கணும். கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்து பாரு, நானும் அங்க நிப்பேன். நின்னே பழகின காலுடா இது!" பேச்சு வேகத்தில் கை ஆகாயத்துக்குப் போய் வந்தது.

ஊசி பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு முன் அறைப் பக்கம் தலையைத் திருப்பி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்:

"பிரிட்ஜு, சவால் விடறவங்க தாராளமா விடட்டும். விரலை மட்டும் ஆட்டாம விடச் சொல்லு."